லண்டன் பயணம்: ட்யூபுக்கும் பஸ்ஸுக்கும் எதில் பணம் கட்டுவது?

லண்டனுக்கு முதல்முறை போகிறவர்களில் பலர், ஹீத்ரோவில் இறங்கியதும் வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஆளுக்கொரு ஆய்ஸ்டர் கார்டு (முன்பணம் ஏற்றி, வாசல் கருவியில் தட்டிப் பயணம் செய்யும் கார்டு) வாங்கிவிடுகிறார்கள். 2025 செப்டம்பரிலிருந்து அந்த கார்டின் விலை 10 பவுண்டு, அது திரும்பக் கிடைக்காது. நான்கு பேர் என்றால் ஓர் இடத்துக்கும் போகாமலே 40 பவுண்டு கரைந்துவிடும். அந்த நால்வரில் ஒருவருக்கு அது உண்மையிலேயே லாபமாக இருக்கலாம், இன்னொருவருக்குத் தேவையே இல்லாமல் இருக்கலாம். எதில் கட்டுவது என்பதைக் குடும்பத்துக்கு மொத்தமாக முடிவு செய்யாமல், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, அதுவும் விமானம் ஏறும் முன்பே முடிவு செய்யுங்கள். சில வேலைகளை ஊரில் இருக்கும்போதுதான் எளிதாக முடிக்க முடியும்.

இங்கே சொல்லும் கட்டணங்கள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தவை, இப்போது மாறியிருக்கலாம். லண்டனில் பெரும்பாலும் மார்ச் மாதத்தில்தான் கட்டணம் மாறும். போகும் முன், நகரப் போக்குவரத்தை நடத்தும் டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன் இணையதளத்தில் அன்றைய தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை அப்படியேதான் இருக்கும்.

முதலில் கட்டணம் எப்படி விழுகிறது என்று பார்க்கலாம்

நகரம் மையத்திலிருந்து வெளியே போகப் போக 1 முதல் 9 வரை மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சுற்றிப் பார்க்கும் இடங்களில் பெரும்பாலானவை 1ஆம் மண்டலத்தில் இருக்கின்றன. தமிழர்கள் நிறைய வாழும் இடங்கள் சற்று வெளியே: ஈஸ்ட் ஹாம் 3, 4 மண்டலங்களின் எல்லையில், டூட்டிங் பிராட்வே 3இல், ஆல்பர்டன் 4இல். ஹைகேட் முருகன் கோயிலுக்குப் பக்கத்தில் உள்ள ஹைகேட் நிலையம் 3இல். ஈஸ்ட் ஹாம் போல எல்லையில் நிற்கும் நிலையங்களுக்கு, எந்த மண்டலமாக எடுத்தால் கட்டணம் குறையுமோ அப்படியே கணக்கிடுவார்கள். ஹீத்ரோ 6இல் இருக்கிறது.

ட்யூபில், அதாவது லண்டன் சுரங்க ரயிலில், நெரிசல் நேரம் என்பது திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6.30 முதல் 9.30 வரையும் மாலை 4 முதல் 7 வரையும். பொது விடுமுறையில் இது கிடையாது. மாலையில் வெளி மண்டலத்திலிருந்து 1ஆம் மண்டலத்துக்கு வருபவர்களுக்கு நெரிசல் கட்டணம் போடமாட்டார்கள். 1ஆம் மண்டலத்துக்குள் ஒரு பயணம் நெரிசல் நேரத்தில் 2.90 பவுண்டு, மற்ற நேரத்தில் 2.80. அதே பயணத்துக்கு இயந்திரத்தில் காகித டிக்கெட் எடுத்தால் 7 பவுண்டு. காகித டிக்கெட் எந்தக் கணக்கிலும் ஒத்துவராது, மறந்துவிடுங்கள்.

அடுத்தது உச்சவரம்பு. ஒரே கார்டை நாள் முழுவதும் தட்டினால், குறிப்பிட்ட தொகைக்கு மேல் அன்றைக்குப் பிடிக்கமாட்டார்கள். 1, 2 மண்டலங்களுக்குள் சுற்றினால் நாளுக்கு 8.90 பவுண்டு, 3 வரை போனால் 10.50, 4 வரை 12.80, 6 வரை 16.30. 1ஆம் மண்டலத்தில் 2.90 வீதம் மூன்று பயணம் போனால் 8.70 ஆகிவிடும், நான்காவதுக்கு 20 பென்ஸ் மட்டுமே பிடிப்பார்கள். அதன் பிறகு இரவு வரை எத்தனை முறை ஏறினாலும் காசு கிடையாது. "நாள்" என்பது அதிகாலை 4.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் 4.29 வரை. வாரத்துக்கும் இதேபோல் வரம்பு உண்டு: 1, 2 மண்டலங்களுக்கு 44.70 பவுண்டு. ஆனால் வாரம் என்பது திங்களில் தொடங்கி ஞாயிறில் முடிவது. அது ஏன் முக்கியம் என்று கீழே வருகிறது.

பஸ்ஸுக்கு மண்டலம் கிடையாது. எங்கிருந்து எங்கே போனாலும் 1.75 பவுண்டு. முதல் பஸ்ஸில் தட்டிய நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏறும் அடுத்தடுத்த பஸ்களும் டிராம்களும் இலவசம். பஸ் மட்டுமே போனால் நாளுக்கு 5.25 பவுண்டுதான், அதாவது மூன்று டிக்கெட் காசு. 2014 ஜூலையிலிருந்து பஸ்ஸில் ரொக்கம் வாங்குவதில்லை. ஓட்டுநரிடம் பவுண்டு நோட்டை நீட்டிப் பயனில்லை.

வங்கி கார்டை நேரடியாகத் தட்டுவது

வேலைக்குப் போகும் வயதில், கையில் விசா அல்லது மாஸ்டர்கார்டு அல்லது அமெக்ஸ் கார்டு உள்ள ஒருவருக்குப் பெரும்பாலும் இதுதான் சரி. கார்டின் மேல் நான்கு வளைகோடுகள் அலைபோல் இருந்தால் அது தட்டிப் பணம் கட்டும் வகை. கட்டணமும் நாள், வார உச்சவரம்பும் ஆய்ஸ்டருக்கு என்னவோ அதேதான். வேறு கார்டு வாங்க வேண்டாம், முன்கூட்டியே பணம் போட்டு வைக்க வேண்டாம், ஊர் திரும்பும்போது மிச்சம் எவ்வளவு என்று பார்க்கவும் வேண்டாம்.

ஊரிலேயே செய்ய வேண்டியவை இவை. இந்திய வங்கி கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் தட்டிப் பணம் கட்டும் வசதியும் தொடக்கத்தில் மூடியே இருக்கும். 2020இல் வந்த ரிசர்வ் வங்கி விதி அது. வங்கிச் செயலியில் கார்டு அமைப்புக்குள் போய் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறங்கள். அதற்குள்ளேயே தட்டிக் கட்டும் வசதிக்குத் தனிப் பொத்தான் இருக்கும், அதையும் திறங்கள். பலர் முதலாவதைத் திறந்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். கடையில் கார்டைச் செருகிப் பின் எண் போட்டால் வேலை செய்யும், ட்யூப் வாசலில் மட்டும் சிவப்பு விளக்கு எரியும். நாள் வரம்பையும் பாருங்கள், சுழியமாக இருந்தால் ஒரு தொகை வையுங்கள். இந்திய மொபைல் எண்ணுக்கு ரோமிங் போட்டு வைப்பதும் நல்லது, வங்கியிலிருந்து வரும் செய்தியைப் பார்க்க அதுதான் வழி.

ரூபே கார்டு அந்த வாசலில் செல்லாது. யூபிஐ க்யூஆரும் அங்கே கிடையாது. அம்மா அப்பாவிடம் ரூபே டெபிட் மட்டும் இருந்தால், கிளம்பும் முன் வங்கியில் விசா அல்லது மாஸ்டர்கார்டாக மாற்றித் தரச் சொல்லுங்கள். இலங்கை வங்கி கார்டு வைத்திருப்பவர்களும் வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருக்கிறதா என்று வங்கியில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனி அந்நியச் செலாவணிக் கட்டணம். பல இந்திய கிரெடிட் கார்டுகளில் அது 3.5 சதவீதம், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, சேர்த்தால் 4.13 சதவீதம். கேட்கப் பெரிதாகத் தெரியும். ஆனால் ஒரு வாரம் உச்சவரம்பு வரை பயணம் செய்து 44.70 பவுண்டு செலவழித்தாலும் இது 1.85 பவுண்டுதான். ஆய்ஸ்டருக்கு முதலிலேயே 10 பவுண்டு போய்விடுகிறது. பயணச் செலவு 240 பவுண்டைத் தாண்டினால்தான் இந்தக் கட்டணம் அந்த 10 பவுண்டை எட்டும். அப்போதும், ஆய்ஸ்டரில் இதே கார்டால் பணம் ஏற்றினால் அதே 4.13 சதவீதம் மீண்டும் விழும். ஆகவே "வங்கி பிடிக்கும்" என்ற பயத்தில் ஆய்ஸ்டருக்குப் போவதில் பொருளில்லை. பவுண்டு ஏற்றிய ஃபாரக்ஸ் கார்டு இருந்து, அதில் தட்டும் வசதியும் இருந்தால் இந்தக் கட்டணமும் விழாது. மாணவர்களுக்கு இது நல்ல வழி.

பணம் உடனே பிடிக்கப்படாது. வாசலில் தட்டும்போது கார்டு செல்லுமா என்று மட்டும் பார்ப்பார்கள், ஒரு சிறு தொகைக்கான செய்தி வரலாம். நாள் முடிந்த பிறகு அன்றைய பயணங்களை ஒன்றாகக் கூட்டி ஒரே தொகையாக எடுப்பார்கள். அந்த நேரத்தில் கணக்கில் பணம் இல்லையென்றால், அல்லது வங்கி மறுத்துவிட்டால், அது பாக்கியாக நிற்கும். பாக்கி தீரும் வரை அந்த கார்டு எந்த வாசலையும் திறக்காது. முந்தைய நாள் நன்றாக வேலை செய்த கார்டு மறுநாள் காலை மறுக்கப்படுவதற்கு அடிக்கடி இதுதான் காரணம். டெபிட் கார்டு வைத்திருப்பவர்கள் கணக்கில் கொஞ்சம் கூடுதலாகவே விட்டு வையுங்கள்.

ஒரு கார்டு ஒருவருக்கு மட்டும். கணவனும் மனைவியும் ஒரே கார்டைத் தட்டி உள்ளே போக முடியாது. கூடுதல் கார்டுக்குத் தனி எண் இருந்தால் அதை மற்றவர் வைத்துக்கொள்ளலாம். கைபேசியில் ஏற்றிய கார்டும் பிளாஸ்டிக் கார்டும் இங்கே இரண்டு வெவ்வேறு கார்டுகளாகத்தான் கணக்கு. உங்கள் வங்கி கார்டைக் கைபேசியில் ஏற்றித் தட்ட முடிந்தால், கைபேசி ஒருவருக்கு, பிளாஸ்டிக் ஒருவருக்கு என்று பிரித்துக்கொள்ளலாம். அதே காரணத்தால்தான் ஒருவரே கைபேசியில் உள்ளே தட்டி பிளாஸ்டிக்கில் வெளியே தட்டினால் இரண்டு முடியாத பயணங்களாகப் பதிவாகும், இரண்டுக்கும் அதிகபட்சக் கட்டணம் விழும். கைபேசி, கடிகாரம், பிளாஸ்டிக் என எதை எடுத்தாலும் ஒருவர் முழுப் பயணத்துக்கும் ஒன்றையே பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஆய்ஸ்டர் யாருக்கு லாபம்

முதலாவதாக, 11 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு. வங்கி கார்டு தட்டினால் வயதைப் பார்க்க வழியில்லை, முழுக் கட்டணம் விழும். ஆய்ஸ்டர் வாங்கி, ட்யூப் நிலைய ஊழியரிடம் "யங் விசிட்டர் டிஸ்கவுன்ட்" போட்டுத் தரச் சொல்லுங்கள். 14 நாள் வரை பெரியவர் கட்டணத்தில் பாதி. பிள்ளையும் பெரியவரும் சேர்ந்து ஊழியரிடம் போக வேண்டும். இயந்திரத்தில் இதைச் செய்ய முடியாது என்பதால், கார்டு வாங்கிய கையோடு ஊழியரைத் தேடுங்கள். போடாமல் பயணம் தொடங்கினால் அந்தப் பயணத்துக்கு முழுக் கட்டணம்தான்.

11 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்குக் கார்டே வேண்டாம். கட்டணம் கட்டும் ஒரு பெரியவரோடு நான்கு குழந்தைகள் வரை ட்யூப், டிஎல்ஆர் என்ற இலகு ரயில், ஓவர்கிரவுண்ட், எலிசபெத் லைன் ஆகிய நகர ரயில்களில் இலவசம், பஸ்ஸிலும் இலவசம். அகலமான வாசலில் ஊழியர் திறந்துவிடுவார். நேஷனல் ரயில் தடங்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது, சிலவற்றில் 5 வயதிலிருந்தே டிக்கெட் தேவை.

இரண்டாவதாக, பிள்ளைகளைப் பார்க்க வந்து மாதக்கணக்கில் தங்கும் 60 வயதைத் தாண்டிய பெற்றோருக்கு. லண்டன் முதியோருக்கான இலவசப் பாஸ்கள் அங்கே வசிப்பவர்களுக்கு மட்டுமே. ஆனால் சீனியர் ரயில்கார்டு என்ற கட்டணச் சலுகை அட்டையை எந்த நாட்டவரும் பாஸ்போர்ட் காட்டி வாங்கலாம். ஓராண்டுக்கு 35 பவுண்டு. அதை ஆய்ஸ்டரில் இணைக்கச் சொன்னால், நெரிசல் இல்லாத நேர ட்யூப், ரயில் கட்டணத்திலும் அந்நேர நாள் வரம்பிலும் மூன்றில் ஒரு பங்கு குறையும். 2.80 பவுண்டுப் பயணம் சுமார் 1.85 ஆகும். பஸ்ஸுக்கு இந்தச் சலுகை கிடையாது. கார்டு, ரயில்கார்டு இரண்டுக்கும் சேர்த்து 45 பவுண்டு போகிறது. ஏறக்குறைய 135 பவுண்டுக்கு மேல் பயணம் செய்தால்தான் அது ஈடாகும். இரண்டு வாரப் பயணத்துக்கு வேண்டாம். மூன்று மாதம் தங்கி, நடுவில் மான்செஸ்டருக்கோ எடின்பரோவுக்கோ ரயிலில் போகும் திட்டமும் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள், அந்த நீண்ட தூர டிக்கெட்டிலும் மூன்றில் ஒரு பங்கு குறையும். மாணவர்களுக்கு 16 முதல் 25 வயதுக்கான ரயில்கார்டிலும் இதே கணக்கு.

மூன்றாவது, வாரத்தின் நடுவில் வந்து இறங்கி ஏழு நாளும் ஓயாமல் சுற்றுபவர். புதன் முதல் அடுத்த செவ்வாய் வரை என்று வைத்துக்கொள்வோம். தினமும் 1, 2 மண்டலங்களுக்குள் 8.90 வரம்பைத் தொட்டால், புதன் முதல் ஞாயிறு வரை ஐந்து நாளுக்கு 44.50. வார வரம்பான 44.70ஐ 20 பென்ஸ் வித்தியாசத்தில் தவறவிடுகிறீர்கள். திங்களன்று கணக்கு மறுபடி சுழியத்தில் தொடங்கும். மொத்தம் 62.30 பவுண்டு. இவர் ஆய்ஸ்டர் வாங்கி அதில் 7 நாள் டிராவல்கார்டு (ஏழு நாள் பாஸ்) ஏற்றினால் அதுவும் 44.70தான், ஆனால் எந்தக் கிழமையிலும் தொடங்கலாம். கார்டு விலையோடு 54.70, 7.60 பவுண்டு மிச்சம். தினமும் நான்கு முறையாவது ட்யூப் ஏறுபவருக்குத்தான் இது. இரண்டு முறை ஏறி, நடுவில் அருங்காட்சியகத்தில் ஐந்து மணி நேரம் இருப்பவருக்கு இல்லை. திங்களன்று வந்து இறங்குபவருக்கு வார வரம்பு தானாகவே கிடைத்துவிடும், டிராவல்கார்டு தேவையில்லை.

தட்டும் கார்டே இல்லாதவருக்கும் ஆய்ஸ்டர்தான். ரொக்கம் போட்டு வாங்கலாம், பணமும் ஏற்றலாம்.

ஹீத்ரோவிலிருந்து

மூன்று ரயில்கள் உண்டு, மூன்றிலும் தட்டலாம், விலைதான் வெவ்வேறு. பிக்கடில்லி லைனில் 1ஆம் மண்டலம் வரை எந்த நேரமும் 5.80 பவுண்டு, ஒரு மணி நேரம் ஆகும். எலிசபெத் லைன் 13.90, ஏறக்குறைய பாதி நேரத்தில் போய்விடலாம். ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் பேடிங்டன் வரை கால் மணி நேரத்தில் போகும், முன்பதிவு இல்லாமல் ஏறினால் 25 பவுண்டு அளவில் ஆகும், உச்சவரம்பிலும் சேராது. பெட்டிகளோடு வரும் குடும்பம் பலகையில் "எக்ஸ்பிரஸ்" என்று பார்த்ததும் அதில் ஏறிவிடுவது வழக்கம். நடைமேடைக்குப் போகும் முன் ரயிலின் பெயரை ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஆல்பர்டன் போகிறவர்கள் பிக்கடில்லி லைனில் ஆக்டன் டவுன் வந்து அங்கேயே அக்ஸ்பிரிட்ஜ் பக்கம் போகும் ரயிலுக்கு மாறலாம். 1ஆம் மண்டலத்தைத் தொடாததால் 5.80ஐ விட நன்றாகவே குறையும். ஈஸ்ட் ஹாம் போகிறவர்களுக்கு எலிசபெத் லைனில் வைட்சாப்பல் வந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் மாறுவது எளிது. கூடுதல் காசு கொடுத்தாலும், பெரிய பெட்டிகளோடு படி ஏறி இறங்கும் பாடு குறையும்.

கேட்விக் விமான நிலையத்தில் ஆய்ஸ்டரும் வங்கி கார்டும் செல்லும். லூட்டன் ஏர்போர்ட் பார்க்வேயில் வங்கி கார்டு செல்லும், ஆய்ஸ்டர் செல்லாது. லூட்டனிலிருந்து ஊர் திரும்புபவர் ஆய்ஸ்டரோடு ரயில் ஏறினால் வெளியே வரும்போது மாட்டிக்கொள்வார்.

தட்டும் இடத்தில் நடக்கும் தவறுகள்

மஞ்சள் வட்டத்தில் கார்டைத் தட்டையாக வைத்து, பச்சை விளக்கு வரும் வரை ஒரு நொடி பொறுங்கள். பர்ஸோடு வைக்காதீர்கள். உள்ளே இரண்டு கார்டு இருந்தால் வாசல் எதை எடுக்கும் என்று சொல்ல முடியாது; உள்ளே போகும்போது ஒன்றையும் வெளியே வரும்போது மற்றொன்றையும் எடுத்துக்கொண்டால் இரண்டிலும் அபராதம் போலக் காசு விழும்.

ட்யூபிலும் ரயிலிலும் ஏறும்போதும் இறங்கும்போதும் தட்ட வேண்டும். பஸ்ஸிலும் டிராமிலும் ஏறும்போது மட்டும். டிஎல்ஆர் நிலையங்கள் பலவற்றில் வாசலே இருக்காது, கம்பத்தில் கருவி மட்டும் இருக்கும். கூட்டத்தோடு நடந்து வெளியே வந்துவிட்டால் அதிகபட்சக் கட்டணம் விழும். புதியவர்கள் அதிகம் பணம் இழப்பது இங்கேதான். கிரீனிச் பார்க்கப் போகும்போது குறிப்பாக நினைவில் வையுங்கள்.

ஒரு ட்யூபிலிருந்து இன்னொன்றுக்கு உள்ளேயே மாறும்போது தட்ட வேண்டாம். ஹாமர்ஸ்மித் போல ஒரே பெயரில் இரண்டு நிலையம் தெருவுக்கு எதிரெதிரே இருந்தால், ஒன்றில் தட்டி வெளியே வந்து மற்றொன்றில் தட்டி உள்ளே போங்கள், ஒரே பயணமாகவே சேர்ந்துவிடும். ஹைபரி அண்ட் இஸ்லிங்டன், ஸ்ட்ராட்ஃபோர்டு போன்ற நிலையங்களில் இளஞ்சிவப்புக் கருவி இருக்கும். 1ஆம் மண்டலத்துக்குள் நுழையாமல் சுற்றிப் போகிறீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. அங்கே ரயில் மாறும்போது அதில் தட்டினால் கட்டணம் குறையும், தட்டினால் கூடுதலாக எதுவும் பிடிக்காது.

கைபேசியில் தட்டுபவர்கள் மின்கலத்தைக் கவனியுங்கள். நடுவழியில் அணைந்துவிட்டால் வெளியே தட்ட முடியாது. பரிசோதகர் வந்தால் டிக்கெட் இல்லாதவர் கணக்குதான். அபராதம் 100 பவுண்டு, 21 நாளுக்குள் கட்டினால் 50.

தவறு நடந்துவிட்டால் அன்றைக்கே சரி செய்யுங்கள். டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி கார்டைச் சேர்த்தால் ஒவ்வொரு பயணமும் தெரியும். வெளியே தட்டாமல் விட்ட பயணத்தில் இறங்கிய நிலையத்தைக் குறிப்பிட்டு, கூடுதலாகப் பிடித்ததைத் திரும்பக் கேட்கலாம். 8 வாரம் வரை அவகாசம் உண்டு. நிலைய ஊழியரிடம் கேட்டாலும் உதவுவார்கள்.

கிளம்பும் முன்

ஆய்ஸ்டரில் மிச்சம் 10 பவுண்டு வரை இருந்தால் ட்யூப் நிலைய இயந்திரத்திலேயே திரும்பப் பெறலாம். கார்டு விலை மட்டும் வராது. கடைசி நாளுக்கு அளந்து ஏற்றுவது நல்லது, விமான நிலையம் வரை போகத் தேவையானது மட்டும். அடுத்த ஆண்டும் வரப்போகிறீர்கள், அல்லது அங்கே உறவினர் இருக்கிறார் என்றால் திரும்பக் கேட்காமல் கார்டை அப்படியே வைத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் பணத்துக்குக் காலாவதி இல்லை. வேறு யாராவது வரும்போது 10 பவுண்டு கொடுத்துப் புதிதாக வாங்க வேண்டியதில்லை. ரயில்கார்டு இணைத்த கார்டை மட்டும் பிறருக்குக் கொடுக்கக் கூடாது, அந்தச் சலுகை அவருக்குச் செல்லாது. வங்கி கார்டில் தட்டியவர்கள் ஊர் வந்த பிறகும் சில நாள் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்தே வையுங்கள். கடைசி நாள் பயணத்துக்கான பணம் பிடித்த செய்தி வந்த பிறகு மூடிக்கொள்ளலாம்.